துரைச்சிக்கு முடி வெட்டலாமா

"முடியை வெட்டிவிடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார் அருளாந்து.

ஒச்சம்மா தன் குதிரைக்குப் பொதி ஏற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"யார் முடியை?"

"துரைச்சி முடியைத்தான்."

துரைச்சி அவருடைய குதிரை. குளிர்காலத்தில் வளர்ந்த முடி வயிற்றிலும் கழுத்திலும் விரல் நீளத்துக்குத் தொங்கியது. மாசி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்த மலை ஊருக்குச் சாலை கிடையாது. பீன்ஸும் சௌசௌவும் காப்பிக்கொட்டையும் குதிரை முதுகில்தான் அடிவாரத்துக்கு இறங்கும். அரிசியும் எண்ணெயும் குதிரை முதுகில்தான் மேலே ஏறும்.

அருளாந்து முப்பது வருடம் தபால் ஆபீசில் கடிதம் பிரித்தவர். ஓய்வு பெற்று மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தார். கார்த்திகையில் மச்சினன் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவனுடைய குதிரை இவர் கைக்கு வந்தது.

பொதி கட்டுவது, மூச்சு வாங்க நிறுத்துவது, தண்ணீர் காட்டுவது எல்லாவற்றையும் ஒச்சம்மாவிடம்தான் கற்றுக்கொண்டார். அவள் அவரைவிட இருபது வயது இளையவள். ஆனால் அந்தப் பாதையில் எல்லோருக்கும் அவள்தான் வாத்தியார்.

"கீழே இறங்கினா வேர்த்து ஊத்துது," என்றார் அருளாந்து.

"அப்ப வெட்டுங்க."

அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் மறுபடி வந்து நின்றார்.

"மேலே இன்னும் குளிருதே, ஒச்சம்மா."

"அப்ப வெட்டாதீங்க."

"நேத்து வெட்டச் சொன்னியே?"

"நேத்து வேர்க்குதுன்னு சொன்னீங்க."

"ரெண்டும்தான் நடக்குது. கீழே வேர்க்குது, மேலே குளிருது."

"ஆமா."

"ஆமான்னா?"

ஒச்சம்மா குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அவர் ஒரு தாளோடு வந்தார். நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் வெட்டுவதற்கான காரணங்கள், வலப்பக்கம் வெட்டாமலிருப்பதற்கான காரணங்கள். முத்து முத்தான கையெழுத்து.

"வேலை செய்யிற குதிரை, வேர்வை காயணும். இது மொதல் காரணம். ஆனா மார்கழியிலேயே வெட்டியிருக்கணும், இப்ப ரொம்பத் தாமதம். இப்ப வெட்டினா அடியில வர்ற புது முடிக்கும் நுனி போயிரும், கோடை முழுக்கத் திட்டுத் திட்டாத் தெரியும். பங்குனி வந்தா தானாவே உதிரும். இந்தப் பக்கம் ஒம்பது, அந்தப் பக்கமும் ஒம்பது."

ஒச்சம்மா தாளை வாங்கினாள். துரைச்சியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

துரைச்சி மோந்து பார்த்தது. பிறகு தாளைக் கடித்து இழுத்து மென்று தின்றுவிட்டது.

"அதுவும் பாத்திருச்சு," என்றாள் ஒச்சம்மா. "என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கங்க."

அருளாந்துக்குக் கோபம் வந்தது. கேட்க வேறு ஆள் இல்லையா என்ன? இருந்தார்கள்.

அடிவாரத்தில் மாட்டு டாக்டரைக் கேட்டார். "வேலை பாக்குற குதிரைன்னா வெட்டலாம். குளிர்ல நிக்கிற குதிரைன்னா வேண்டாம்," என்றார் டாக்டர். துரைச்சி பகலில் வேலை பார்த்தது. சாயங்காலம் குளிரில் நின்றது.

பலசரக்குக் கடைக்காரரைக் கேட்டார். அவர் வெட்டுங்கள் என்றார். கடைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து வேண்டாம் என்றாள்.

மச்சினனைக் கேட்டார். அவன் கட்டிலில் படுத்தபடி, "எங்கிட்ட இருந்தா மார்கழியிலேயே வெட்டியிருப்பேன்," என்றான்.

"இது மாசி," என்றார் அருளாந்து.

"அதான் சொல்றேன்," என்றான் மச்சினன்.

அவர் ஒச்சம்மாவிடமே திரும்பினார். அவளிடம் இரண்டு குதிரைகள். செவலைக்கு மார்கழியில் முடி வெட்டியிருந்தாள். கறுப்பனுக்கு வெட்டவில்லை.

"கறுப்பனுக்கு ஏன் வெட்டலை?"

"அவன் கிழவன். கீழே இறங்கறதில்லை. தோட்டத்துக்குள்ளேயேதான் நடக்குறான்."

"செவலைக்கு?"

"அவன் தினமும் இறங்குறான்."

"துரைச்சி இதுல எந்தப் பக்கம்?"

"துரைச்சி துரைச்சி பக்கம்."

"ஒரு பதில் சொல்லேம்மா. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"பதினஞ்சு நாளா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். வெட்டுங்கன்னா குளிரும்ங்கிறீங்க. வெட்டாதீங்கன்னா வேர்க்கும்ங்கிறீங்க. எனக்கு வாய் வலிக்குதுண்ணே."

அன்று இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

அடிவாரத்தில் வெயில் கொளுத்தியது. பீன்ஸ் மூட்டைகளை இறக்கி, அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். பாதி மலை ஏறுவதற்குள் துரைச்சியின் முடி தண்ணீரில் முக்கி எடுத்த கம்பளி மாதிரி ஆகிவிட்டது. வயிற்றிலிருந்து சொட்டியது. அது நடக்க நடக்கப் பாதையில் ஈரப்புள்ளிகள் விழுந்தன.

மேல் வளைவைத் திரும்பியதும் மூடுபனி வந்து மூடியது. கூடவே காற்று.

துரைச்சி நின்றுவிட்டது.

அருளாந்து கயிற்றை இழுத்தார். அது நகரவில்லை. தோள்பட்டை நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க நடுங்கியது. காதைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

"ஒச்சம்மா!"

அவள் செவலையை மரத்தில் கட்டிவிட்டு ஓடி வந்தாள். மூட்டைகளைப் பாதையிலேயே இறக்கினாள். காலிச் சாக்கு ஒன்றை அவரிடம் எறிந்தாள்.

"தேய்ங்க. முடிக்கு எதிரா தேய்ங்க. விடாதீங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தேய்த்தார்கள். சாக்கு நனைந்ததும் வேறு சாக்கு. அருளாந்து தன் ஸ்வெட்டரைக் கழற்றித் துரைச்சியின் முதுகில் போட்டார்.

"ஒச்சம்மா, அப்ப வெட்டிருந்தா..."

"தேய்ங்கண்ணே."

"இல்ல, இப்பவும் வெட்டலாம். ஆனா பங்குனிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்..."

"தேய்ங்க."

"நான் என்ன சொல்றேன்னா..."

"வாயால தேச்சா காயாது. கையால தேய்ங்க."

அவர் வாயை மூடினார். அடி முடி பிழியப் பிழிய ஈரம் வந்துகொண்டே இருந்தது. அவருக்குத் தோள் விட்டுப்போனது. துரைச்சி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. ஒரு தடவை முன்னங்கால் மடிந்தது. அவர் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்த உடம்பின் நடுக்கம் அவர் பற்களில் கேட்டது.

இருட்டுவதற்குள் நடுக்கம் குறைந்தது. மூட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு வெறும் முதுகோடு ஊருக்கு நடத்திப் போனார்கள்.

அன்று துரைச்சி தீவனம் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் காலை அருளாந்து நீட்டிய புல்லில் இரண்டு வாய் கடித்தது. அவர் கொட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

பிறகு எழுந்து போய் ஒச்சம்மாவின் கதவைத் தட்டினார்.

"கத்தரியைக் குடும்மா."

அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"வயிறு, மார்பு, கழுத்துக்கு அடியில, தொடை. இவ்வளவுதான். முதுகைத் தொடாதீங்க, பொதி அழுத்தும். காலைத் தொடாதீங்க, முள்ளு குத்தும். சாயங்காலம் கம்பளி போடுங்க. காலையில எடுத்துருங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பழக்கமில்லாத கை. ஒரு பகல் முழுக்க ஆனது. முடித்தபோது துரைச்சியின் வயிறு படி படியாக வெட்டிய மலை வயல் மாதிரி இருந்தது.

வெட்டிய ஐந்தாம் நாள் மறுபடி பொதி ஏற்றி இறங்கினார்கள். ஏறி வரும்போது மேல் வளைவில் அதே காற்று. அருளாந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வேர்வை காய்ந்திருந்தது. துரைச்சி நிற்கவில்லை.

சாயங்காலம் கம்பளி போட்டார். காலையில் எடுத்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒச்சம்மாவுக்குப் பத்து நாள் நிம்மதியாகக் கழிந்தது.

பங்குனி பிறந்தது.

வெயில் மேலேயும் ஏறியது. கறுப்பனின் முடி கை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. ஊரில் முடி வெட்டாத குதிரைகளுக்கெல்லாம் உதிர்ந்தது. வேலியோரம் விழுந்ததைக் குருவிகள் கூட்டுக்கு எடுத்துப் போயின. உள்ளேயிருந்து பளபளவென்று புது முடி வந்தது.

துரைச்சிக்கு மட்டும் வயிற்றில் கத்தரி போன தடம் அப்படியே இருந்தது. அடிவாரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எலி கடித்த கம்பளி என்றார்கள்.

அருளாந்து ஒச்சம்மாவைத் தேடிக்கொண்டு வந்தார். முகம் சுண்டியிருந்தது.

"பாத்தியா, ஒச்சம்மா. எல்லாக் குதிரைக்கும் தானா உதிருது. இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தா கத்தரியே எடுத்திருக்க வேண்டாம். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஒச்சம்மா கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள். தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அவசரப்பட்டீங்களா?"

"ஆமா. பத்தே பத்து நாள்தானே."

"பத்து நாள்தான்."

"அதைத்தான் சொல்றேன்."

"யாருக்குண்ணே? மேல் வளைவுல நடுங்கிக்கிட்டு நின்னவளுக்குமா?" என்றாள் ஒச்சம்மா.