சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

ஆனைக்குழிப் பெண்கள் கபடிக் கோப்பையோடு மலையேறி வந்த கதையை எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். கடைசி ஆட்டத்தில் யார் யாரை மடக்கினார்கள் என்று வேட்டியை மடித்துக் கட்டி நடித்தே காட்டுவார்கள். நான் சொல்லப் போவது அன்று காலையில், அவர்கள் மலை இறங்குவதற்கு முன்னால் நடந்தது.

ஆனைக்குழிக்கு பஸ் கிடையாது. ராணுவத்தார் ஏலத்தில் விட்ட ஒரு பழைய லாரி உண்டு. நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, பாறை, ஓடை எதற்கும் அசராது. ஊரில் அதை மிலிட்டரி என்பார்கள். "மிலிட்டரி சாப்பிட்டாச்சா?" என்றுதான் டீசல் போட்டதைக் கேட்பார்கள்.

அதன் டிரைவர் சன்னாசி. பெயர்தான் சன்னாசி, ஆசைக்குக் குறைச்சல் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் மெக்கானிக் வேலை பழக ஆசை வந்து, தன்னைவிட மிகவும் இளையவரான ஒச்சம்மாளிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார். மலையில் ஓடும் ஜீப்புகளுக்கெல்லாம் ஒச்சம்மாளின் தகரக் கொட்டகைதான் ஆஸ்பத்திரி. அவர் அதிகம் பேச மாட்டார். வண்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சன்னாசி கிளட்ச் பழகினார். பிரேக் பழகினார். ஸ்டீயரிங் பக்கம் மட்டும் ஒச்சம்மாள் அவரை விடவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "எப்பத் தாயி என்னைய நம்பி ஸ்டீயரிங் வேலைய விடுவ?"

"கிளட்ச் போனா என்னண்ணே ஆகும்?"

"வண்டி நின்னுரும்."

"பிரேக் போனா?"

"கியரப் போட்டு இழுத்துப் புடிச்சு, மேட்டுப் பக்கமாக் கொண்டுபோயி சாத்திரலாம்."

"ஸ்டீயரிங் போனா?"

சன்னாசிக்குப் பதில் தெரியும். ரோட்டோரத்துப் பள்ளத்தைப் பார்த்தார்.

"டீ ஆறுது, குடிங்க" என்று ஒச்சம்மாள் எழுந்து போய்விட்டார்.

போட்டியின் கடைசி ஆட்டம் கீழே போடியில், பிற்பகலில். விசில் ஊதும்போது மைதானத்தில் நிற்காத அணி தோற்றதாகக் கணக்கு. ஆனைக்குழி அணிக்குத் தலைவி சன்னாசியின் மகள் வினோதா. ஊரே விடியும் முன் எழுந்துவிட்டது. சிவப்பு பனியன் போட்ட பெண்கள் தெருவில் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு ஓடினார்கள். நாய்கள்கூட அவர்களோடு ஓடின.

சன்னாசி லாரியை எடுத்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் யோசித்து யோசித்துத் திரும்பியது. நேராகக் கொட்டகைக்கு விட்டார்.

ஒச்சம்மாள் குனிந்து, ஸ்டீயரிங் ராடின் மேல்முனையில் இடது உள்ளங்கையை வைத்தார். "ஆட்டுங்கண்ணே."

சன்னாசி ஆட்டினார்.

"சக்கரத்தோட ராடச் சேக்குற பால் ஜாயிண்ட் தேஞ்சு போச்சு. இத வச்சுக்கிட்டு ஒரு வளைவு எறங்கக் கூடாது."

"புதுசு இருக்கா தாயி?"

"ஜாயிண்ட் இருக்கு. கை இல்ல." ஒச்சம்மாள் வலது கையைக் காட்டினார். ரேடியேட்டர் வெந்நீர் பட்டு, முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது.

சன்னாசி அந்தக் கட்டைப் பார்த்தார். பிறகு லாரியைப் பார்த்தார். பயம் பாதி, சந்தோஷம் பாதி.

"ஒங்க கைதான்" என்றார் ஒச்சம்மாள்.

சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு சன்னாசி கீழே நுழைந்தார். அந்தப் பழைய லாரியைச் செய்தவர்கள் ஸ்டீயரிங் ஜாயிண்டை அடிச்சட்டமான சேஸுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் ஒளித்து வைத்திருந்தார்கள். அதைக் கழற்றும் நாள் வரும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை போலும். ஸ்பானரைப் போட்டால் ஒரு விரல்கடை திரும்பும். எடுத்துத் திருப்பிப் போட்டால் இன்னொரு விரல்கடை. துரு கண்ணில் கொட்டியது. ஆனாலும் சன்னாசிக்கு உற்சாகம் தாங்கவில்லை. பழைய ஜாயிண்ட் சுத்தியலுக்குப் பணிந்து டக்கென்று விழுந்தபோது, படுத்த வாக்கிலேயே "ஏய்!" என்று கத்தினார். வெளியே பெண்களும் "ஏய்!" என்று பதிலுக்குக் கத்தினார்கள்.

புதியது ஏறியது. நட்டை இறுக்கினார். இன்னும் இறுக்கினார். இனி ஒரு நூல்கூட நகராது என்று தோன்றியது.

மிச்சம் ஒரு பின்தான். நட்டு கழன்று வராமல் அதன் பள்ளத்தின் வழியே, போல்ட்டின் ஓட்டைக்குள் குறுக்கே செருகி மடக்கிவிடும் சின்னக் கம்பி. ஓட்டை சேஸைப் பார்த்து இருந்தது. கீழிருந்து கை போகவில்லை. விரல் நுனியில் பின்னை வைத்துத் தடவினார். விழுந்தது. புழுதியில் தேடி எடுத்தார். மறுபடியும் விழுந்தது.

ஒச்சம்மாள் கொட்டகை வாசலில்தான் நின்றார். கூப்பிட்டால் வந்திருப்பார். முதல் ஸ்டீயரிங் வேலை, அதிலேயே கூப்பிடுவதா?

வெளியே தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது. "அப்பா, கௌம்பலயா?" என்றாள் வினோதா.

நட்டுதான் இந்த இறுக்கு இறுகியிருக்கிறதே. ஒருதரம் போய் வருவதற்குள் என்ன ஆகிவிடும்? வந்து சாவகாசமாக மாட்டிக்கொள்ளலாம். சன்னாசி பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"முடிஞ்சுச்சு தாயி!"

"சரிண்ணே" என்றார் ஒச்சம்மாள்.

ஒரே ஆரவாரம். பெண்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். சூடம் காட்டினார்கள். பெரிய வேலை பார்த்த வண்டி எலுமிச்சம்பழம் நசுக்காமல் புறப்படாது. டிரைவர்தான் வைக்க வேண்டும். சன்னாசி நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு பழத்தை வைத்துவிட்டு, முட்டுக்கல்லைத் தள்ளி, ஏறி உட்கார்ந்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

ஸ்டீயரிங் வேலை பார்த்த வண்டியின் முதல் ஓட்டத்தில் மெக்கானிக்கும் போவது அந்த மலையின் வழக்கம். ஒச்சம்மாள் சுற்றி வந்து, பள்ளத்துப் பக்கத்து சீட்டில் ஏறினார். கதவைச் சாத்தினார். மடியிலிருந்த வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

சன்னாசி என்ஜினைக் கிளப்பினார். மிலிட்டரி உறுமியது.

"ஒருதரம் கீழ பாக்கலயா தாயி?"

"எதுக்குண்ணே?"

"இல்ல, நீ எப்பயும் ஒருதரம் பாப்பேல்ல."

"நீங்கதான் முடிஞ்சுச்சுன்னுட்டீங்களே." ஒச்சம்மாள் பொட்டலத்தை நீட்டினார். "கடல எடுத்துக்கங்க."

சன்னாசி கடலை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தார். வினோதா பின்னால் நின்று தகரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். அத்தனை சிவப்பு பனியனும் ஆடியது. ஸ்டீயரிங் கையில் வெண்ணெயாக வழுக்கியது. அவ்வளவு நன்றாக இருந்தது. கியரில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது.

என்ஜினை அணைத்தார்.

கீழே இறங்கி, மறுபடி கல்லை முட்டுக் கொடுத்தார். குனிந்து, முன்சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

குலவை பாதியில் நின்றது. தப்பு நின்றது.

"வச்ச பழத்த எடுக்குறாரே!" என்றது ஒரு குரல். "நல்ல நாளும் அதுவுமா!"

"அப்பா! நேரமாச்சுப்பா!" வினோதா பின்னாலிருந்து கத்தினாள்.

சன்னாசி காதில் வாங்கவில்லை. அந்தப் பக்கத்துப் பழத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு லாரிக்கடியில் நுழைந்தார். ஒச்சம்மாள் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்னண்ணே?"

"பின்னு போகல தாயி. கை எட்டல."

ஒச்சம்மாள் குனிந்து லாரிக்கடியில் பார்த்தார். பிறகு, "வினோதா, ஏறி ஸ்டீயரிங்க வலப்பக்கம் முழுசா ஒடி" என்றார்.

கபடி பிடிக்கும் கை. சக்கரம் முனகிக்கொண்டு முழுக்கத் திரும்பியது. ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சந்து திறந்தது.

"அண்ணே, வெளிய வந்து சக்கரத்துக்கு மேல வழியா எடது கைய விடுங்க. பாக்காதீங்க. பாத்தா கை தடுமாறும்."

சன்னாசி கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். விரல் நட்டைத் தொட்டது.

"ஓட்டை, பள்ளத்துக்கு நேரா இருக்கா?"

"கொஞ்சம் தள்ளி இருக்கு."

"தளத்தாதீங்க. இறுக்கி நேராக்குங்க."

"இதுக்கு மேல இறுகாது தாயி."

"ஸ்பானரப் போடுங்க."

சன்னாசி ஸ்பானரைப் போட்டு இழுத்தார். நட்டு திரும்பியது. இன்னும் திரும்பியது. இனி நகராது என்று அவர் நினைத்த நட்டு, அரைச் சுற்று போய்த்தான் நின்றது. சக்கரத்தைத் திருப்பியதில் ஜாயிண்ட் அப்போதுதான் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவு போச்சு?" என்றார் ஒச்சம்மாள்.

"அரைச் சுத்து."

ஒச்சம்மாள் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். பின்னால் நின்ற சிவப்பு பனியன்களைப் பார்த்தார்.

சட்டைப்பையில் கிடந்த பின், ஓட்டைக்குள் இறங்கியது. சன்னாசி அதன் இரண்டு காலையும் பிரித்து மடக்கினார். விரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவிப் பார்த்தார். கையை வெளியே எடுத்தபோது விரல் முட்டியிலெல்லாம் தோல் உரிந்திருந்தது.

வினோதா சக்கரத்தை நேராக்கிவிட்டு, அப்பாவை ஒன்றும் கேட்காமல் பின்னால் போய் ஏறிக்கொண்டாள்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சன்னாசி ஒச்சம்மாளின் முன்னால் போய் நின்றார். முகமெல்லாம் கிரீஸ், அதன்மேல் புழுதி, அதன்மேல் கண்ணீர்.

"பொய் சொல்லிட்டேன் தாயி. மாட்டாமத்தான் முடிஞ்சுச்சுன்னேன்."

கையிலிருந்த ஸ்பானரை அவரிடம் நீட்டினார்.

"எனக்கு ஸ்டீயரிங் வேலை வேணாம். இனிமே தொட மாட்டேன்."

"பழத்த எடுத்தது எந்தக் கை?" என்றார் ஒச்சம்மாள்.

சன்னாசி தன் வலது கையைப் பார்த்தார்.

"ஸ்டீயரிங் வேலைக்கு அந்தக் கைதான் வேணும். அதாலயே பழத்தத் திரும்ப வைங்க. நேரமாச்சு."