மழைக்குக் கட்டிக்கொடுத்த கழுதை

ஒரு ஊர்ல ஒரு கழுதை இருந்துச்சாம். கழுதைக்குச் சொந்தமா ஒரு ஆளு இருந்தாராம், சாத்தையான்னு பேரு. நீ ம் கொட்டணும். கொட்டலேன்னா கழுதை நின்னுக்கும், கதையும் நின்னுக்கும்.

ம்.

சாத்தையா தன் பொண்டாட்டி இருளாயிய உசுரோட கடைசியாப் பார்த்தது மதுரை பஸ்ஸு ஜன்னல்ல. நெஞ்சுவலின்னு மக கூட ஆஸ்பத்திரிக்குப் போறா. அப்பவும் வாய் ஓயல. "நாலு வரிசை மொளகாச் செடியில என் சேலையக் கிழிச்சுக் கட்டியிருக்கேன். எங்காத்தா குடுத்த விதை அது, கடையில கெடைக்காது. அந்தப் பழத்தத் தனியாப் பறிச்சு விதைக்குக் காயப்போடுங்க. நனைய விட்டீக, திரும்பி வந்து உங்களையே காயப்போட்டுருவேன்!" பஸ்ஸு கெளம்பிருச்சு. அவ திரும்பி வரல.

அப்புறம் பழம் செக்கச்செவேல்னு பழுத்துச்சு. சாத்தையா பறிச்சு, வீட்டுக்குப் பின்னாடி களத்துல பரப்புனாரு. ஒண்ண எடுத்துக் காதுகிட்ட ஆட்டுனா, உள்ள விதை கலகலன்னு பேசணும். ஆட்டுனாரு. பேசல. இன்னும் மூணு நாள் வெயில் வேணும். அரைகுறையா அள்ளி வச்சா பூஞ்சை பிடிக்கும், நனைஞ்சா அழுகிப்போகும்.

அப்போ பாத்து டீக்கடைத் தவசியோட ரேடியோ பேசுச்சு. "வெப்பநிலை ரெண்டு மூணு டிகிரி கூடும். தென் மாவட்டங்கள்ல ஓரிரு இடங்கள்ல இடி மின்னலோட மழை பெய்யலாம்."

ஊருணி காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. டீக்கடையே எந்திரிச்சு நின்னுருச்சு.

"ஓரிரு எடம்னா எத்தனைப்பா?"

"ஒண்ணு, இல்லேன்னா ரெண்டு."

"ஒண்ணு எப்பவும் பக்கத்து ஊருதான். ரெண்டாவது நாமளா இருக்கணும்!"

"நம்ம ஊரு இங்க இருக்குன்னு வானத்துக்கு எப்படித் தெரியும்? மேளம் அடிச்சாத்தான தெரியும்!" இது தவசி. "கழுதைக்குக் கல்யாணம் பண்ணுவோம். மழை கொட்டும்."

ஊர்ல இருக்கிற ஒரே பொட்டக் கழுதை யாருது? ம்? சாத்தையாவோட மயிலுதான், அவருக்குத் தண்ணிக்குடம் சுமக்கிறவ. தட்டு நிறைய வெத்தலை பாக்கோட பொண்ணு கேக்க வந்துட்டாக.

சாத்தையா களத்துப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. ஊரே நாக்கு வறண்டு நிக்கிறப்போ, மூணு நாளைக்கு மழை வேண்டாம்னு சொன்னா சும்மா விடுவாகளா? அதனால பொண்ணு வீட்டுக்காரரு கெத்தாத் துண்ட உதறிப் போட்டாரு.

"மாப்பிள்ளையப் பாக்காம பொண்ணக் குடுக்க மாட்டேன்."

மாப்பிள்ளைக் கழுதை நாலு மைல் தள்ளி இருந்துச்சு. தவசி நடந்தாரு. மாப்பிள்ளை நடக்கல. இழுத்தாரு, தள்ளுனாரு, மாப்பிள்ளை பின்னங்காலால டமார்னு ஒண்ணு விட்டுச்சு. வந்து சேர ஒரு பகல் போச்சு. வெயில் சுள்ளுன்னு அடிச்சுச்சு. சாத்தையா களத்துக்குப் போயி ஆட்டிப் பாத்தாரு. பேசல.

அப்புறம் ரெண்டாம் நாளு. "தாய்மாமன் யாரு?"ன்னாரு சாத்தையா.

"கழுதைக்கு ஏதுண்ணே தாய்மாமன்?"

"அப்ப எம்பொண்ணு அநாதையா?"

கடைசியில தவசியே தாய்மாமன் ஆனாரு. ஒரு கட்டுப் புல்லு, ஒரு மாலை, ஒரு புதுத்துண்டுன்னு சீர் தேடி அலைஞ்சதுல அன்னைக்குப் பொழுதும் போச்சு. வெயில் அனலாக் கொதிச்சுச்சு. சாத்தையா ஆட்டிப் பாத்தாரு. லேசா முணுமுணுத்துச்சு.

தூங்கிட்டியா?

ம்ம்.

மூணாம் நாளு டும் டும் டும்னு மேளத்தோடயே வந்துட்டாக. சாத்தையா கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. "பொண்ணு சம்மதிக்கணும்."

ஊரே மயிலு மொகத்தப் பாத்துச்சு. மயிலு சும்மா நின்னுச்சு. நல்லம்மா கெழவி கன்னத்தத் தடவி, "சரின்னு சொல்லு தாயி, மாப்பிள்ளை தங்கம்"னு கெஞ்சுனா. மயிலு அந்தம்மா முந்தானைய மென்னுச்சு. உச்சி வெயில் ஏறுச்சு. சாத்தையாவுக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. அப்போ பாழாப்போன ஈ ஒண்ணு ஙொய்ங்குன்னு வந்து மயிலு மூக்குல உக்காந்துச்சு. மயிலு தலைய ஆட்டிருச்சு.

"சம்மதிச்சுட்டாடோய்!"

பொண்ணு தகப்பன அப்படியே தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டாக. தாலி கட்டியாச்சு. மாப்பிள்ளை பொண்ணு மாலையத் தின்னுச்சு, பொண்ணு மாப்பிள்ளை மாலையத் தின்னுச்சு. அந்த நேரம் மேக்கே மேகம் மையிருட்டா ஏறி, கட கட கடமுடான்னு ஒரு இடி. தவசி தலையில சொத்துன்னு ஒரு துளி.

"பெஞ்சுருச்சு!"ன்னு ஊரே ஆடுச்சு. பொண்ணு தகப்பனக் காணோம். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தெருவுல தலைதெறிக்க ஓடுறாரு.

சீர்ல ஏதோ கொறைன்னு கோவிச்சுக்கிட்டுப் போறாருன்னு தவசி பின்னாடியே ஓடுனாரு. களத்துல பாத்தா, மனுசன் ரெண்டு கையாலயும் மொளகாய வாரிக்கிட்டிருக்காரு.

"அடப்பாவி அண்ணே! இதுக்கா மூணு நாளா எங்களை அலையவிட்ட?"

சாத்தையா நிமுரல. "இருளாயி வரிசைப்பா"ன்னாரு.

தவசி தோள்ல கெடந்த சீர்த் துண்டக் கையில எடுத்தாரு. அப்புறம் கோயில் பக்கம் திரும்பி, "ஏய்! எல்லாரும் வாங்க!"ன்னு ஒரு கத்து கத்துனாரு பாரு. ஊரே வந்து விழுந்துச்சு. மேளக்காரரு மேளத்த மொளகா மேல கொடையாப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால வாருனாரு. பொம்பளைக முந்தானையில அள்ளுனாக. தவசி சீர்த் துண்டுல அள்ளுனாரு. மூணு மாசமா மழையக் கும்பிட்ட நல்லம்மா, வானத்தப் பாத்துக் கைய ஓங்குனா. "இரு! இரு! உனக்கு என்ன அவசரம்?"

மழை கேக்கல. சோன்னு கொட்டிருச்சு.

அவ்வளவுதான், கதையும் நனைஞ்சுருச்சு, போத்திக்கிட்டுக் கண்ண மூடு.

மொளகா?

ரெண்டு வரிசை வத்தல் தண்ணியோட போயிருச்சு. மிச்சம் ஒண்ணரை மரக்கால் நனையாம வந்துச்சு. சாத்தையா ஒண்ண எடுத்துக் காதுகிட்ட ஆட்டுனாரு, கலகலன்னு பேசுச்சு.