முழு விருப்பத்தின் பேரில்

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பூபாலன் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆசிரமத்துக்கு வந்தான்.

ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிறுவாணி சாலையில் ஒரு தென்னந்தோப்புக்குள் இரண்டு அறையும் ஒரு சமையல்கூடமும்தான். அங்கே இருந்த சாமிக்கு வயது முப்பத்தொன்பது. வெள்ளை வேட்டி கட்டுவார். தன்னைவிட மூத்த சீடர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். பூபாலனுக்கு நாற்பத்தேழு.

ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவன், வேலை நாளில் ஒருமுறைகூட வந்ததில்லை. கொடியில் காய்ந்த வேட்டியை மடித்துக்கொண்டிருந்த சாமி அவனைப் பார்த்தார்.

"என்னங்கண்ணா, இன்னைக்கு ஞாயிறா?"

"இல்லீங்க சாமி. ஒரு சந்தேகம்."

"உக்காருங்க."

பூபாலன் உட்காரவில்லை.

"பற்றை விடணும்னு சொல்றீங்க. பாத்துட்டு இருக்கற வேலையும் ஒரு பற்றுதானுங்களே?"

"இருக்கலாம்."

"அப்போ அதையும் விட்டுடறதுதானுங்களே சரி?"

"இப்போ எதுக்கு அந்தப் பேச்சு?"

பூபாலன் சாப்பாட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான்.

பம்ப் செட் செய்யும் ஒரு ஃபேக்டரியில், டெஸ்டிங் பிரிவில் அவனுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒவ்வொரு பம்பையும் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டிப் பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. திங்கட்கிழமை அவனை ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். அவனையும் சேர்த்து முப்பத்திரண்டு பேரை, ஒவ்வொருவராக. டைப் செய்த ராஜினாமாக் கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. 'சொந்தக் காரணங்களுக்காக, எனது முழு விருப்பத்தின் பேரில்' என்று தொடங்கியது. கீழே பெயர்கூட அடித்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி, அதுவும் சனிக்கிழமைக்குள். வீட்டில் படித்துப் பார்க்க ஒரு நகலும் கையில் கொடுத்தார்கள். ஹெச்.ஆர். ஆள் நல்ல மாதிரி. அதட்டவில்லை, டீ வரவழைத்துக் கொடுத்தான்.

"ஆள் ஜாஸ்தியா இருக்கு சார். நாங்க அனுப்பினா பேருக்கு நல்லா இருக்காது. நீங்களா போனா கௌரவம்" என்றான்.

அன்றிலிருந்து பூபாலனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு வேலை தேடச் சொன்னார். அது சரி என்று பட்டது. மனைவி சரோஜினி, செத்தாலும் போடக்கூடாது என்றாள். அதுவும் சரி என்று பட்டது. டெஸ்டிங்கில் கூட நிற்கும் ஷாஜகான், "நீங்க போட்டா நானும் போட்டுடறேண்ணா" என்றான். அது மட்டும் சரி என்று படவில்லை.

புதன்கிழமை பஸ்ஸில் வரும்போதுதான் சாமி சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. விடு, விடு என்று ஆறு வருஷம் கேட்டவன், விடுவதற்கென்று ஒன்று தானாக வந்து நிற்கும்போது சும்மா இருப்பானா? போட்டுவிடலாம் என்று நினைத்த மாத்திரத்தில் மனசு லேசானது. அப்படி லேசானதை ஞானம் என்றே எடுத்துக்கொண்டான். பாவம், அவனுக்கும் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

சாமி தாளை இரண்டு தடவை படித்தார்.

"சொந்தக் காரணம்னு போட்டிருக்கு. என்னங்கண்ணா காரணம்?"

"அது... அப்படித்தான் எழுதணுமாமுங்க."

"வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க."

"ஊர் மாறிப் போறீங்களா?"

"இல்லீங்க."

"வேற கம்பெனியில கூப்பிட்டாங்களா?"

"நாப்பத்தேழு வயசுல எவனுங்க சாமி கூப்பிடுவான்?"

சாமி தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"போடட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க சாமி. நீங்க சொன்னா செஞ்சுடறேன்."

சாமி கொடியிலிருந்து இன்னொரு வேட்டியை எடுத்து மடித்தார். பிறகு வேறு எதையோ நினைத்துக்கொண்டவர் மாதிரி சொன்னார்.

"நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இனிமே நீங்க இங்கே வர வேண்டாங்கண்ணா."

பூபாலனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று தோன்றியது.

"எங்கிட்டயா சொல்றீங்க?"

"உங்ககிட்டதான்."

"நான் ஏதாச்சும் தப்பு..."

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லை. ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தியாயிட்டுது. நானா அனுப்பினேன்னு இருந்தா நல்லா இருக்காது. நீங்களே நிறுத்திக்கிட்டதா நாலு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க."

பூபாலன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினான். ஆனால் மறு நிமிஷமே வேறொன்று தோன்றிவிட்டது. குரு சோதிக்கிறார். சீடனுக்குப் பற்று போய்விட்டதா என்று பார்க்கிறார். இந்த மாதிரிக் கதைகளை அவன் நிறையக் கேட்டிருக்கிறான். எல்லாக் கதையிலும் மறுபேச்சுப் பேசாமல் கீழ்ப்படிகிற சீடன்தான் ஜெயிப்பான். எப்படியாவது பாஸ் பண்ணிவிட வேண்டும் என்று தாளும் பேனாவும் கேட்டு வாங்கினான்.

நாலு வரி கேட்டதற்குப் பதினோரு வரி எழுதினான். சாமியின் அன்புக்கு நன்றி, மாதம்மாள் அக்கா கையால் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு நன்றி, சொந்தக் காரணங்களால் இனி வர இயலவில்லை, இது எனது முழு விருப்பத்தின் பேரில் எடுத்த முடிவு. நடுங்காமல் கையெழுத்தும் போட்டான்.

சாமி அதை வாங்கிப் படித்துவிட்டுச் சமையல்கூடத்துப் பக்கம் குரல் கொடுத்தார்.

"மாதம்மாக்கா, கொஞ்சம் வாங்க."

மாதம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆசிரமத்தில் சமைப்பவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூபாலன் அவளுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பான். சாமி கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

மாதம்மாள் பூபாலனையே பார்த்தாள்.

"ஏங் கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"அக்கா, அது வந்து..."

"போன ஞாயித்துக்கிழமை கூட பக்கத்துல உக்காந்துதானே பேசிட்டு இருந்தே? நாங்க உனக்கு என்ன குறை வெச்சோம்?"

பூபாலன் சாமியைப் பார்த்தான். இந்த இடத்தில் சாமி சிரித்து, சோதனை முடிந்தது என்று சொல்ல வேண்டும். சாமி சிரிக்கவில்லை.

"நானா போகலீங்கக்கா. சாமிதான் வர வேண்டாம்னு சொன்னாரு."

"சாமி சொன்னாரா? அவரு யாரையும் அப்படிச் சொன்னதில்லையே." அவள் திரும்பினாள். "நீங்க போகச் சொன்னீங்களா சாமி?"

சாமி கடிதத்தைப் பார்த்தார். "இதுல அப்படி ஒண்ணும் எழுதலீங்களேக்கா."

மாதம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போறவன் போ. எதுக்கு அவரு மேல பழி போடறே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பூபாலனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சாமி மேல் கோபம் வந்தது.

"அதைக் குடுத்துடுங்க சாமி."

"எதை?"

"அந்தக் கடுதாசியை."

"எனக்கு எழுதினதுதானுங்களே. எங்கிட்டயே இருக்கட்டும்."

"விளையாடறீங்களா?"

"நீங்க விளையாட்டுக்கா எழுதினீங்க?"

அதற்குமேல் அங்கே நிற்க அவனால் முடியவில்லை.

வீட்டில் சரோஜினி கேட்டாள். "சாமி என்ன சொன்னாரு?"

"இனிமே வர வேண்டாம்னுட்டாரு."

"ஃபேக்டரிக்கா?"

"ஆசிரமத்துக்கு."

சரோஜினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஒரே வாரத்துல ரெண்டு எடத்துலயுமா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. நன்றாக ஓடிய பம்பை இரண்டாம் தடவை தொட்டியில் இறக்கினான். ஷாஜகான் வந்து, "என்னண்ணா முடிவு பண்ணீங்க? எனக்கு ஒண்ணுமே புரியலை" என்றான். "எனக்கும்தான் புரியலை தம்பி" என்றான் பூபாலன். அது உண்மைதான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். டீ வந்தது. ஹெச்.ஆர். ஆள் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றித்தான் நீட்டினான்.

பூபாலன் பேனாவை வாங்கிக்கொண்டான். போட்டுவிடுவதாகத்தான் வந்திருந்தான். 'எனது முழு விருப்பத்தின் பேரில்' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. மாதம்மாள் கலங்கிய கண்ணோடு உள்ளே போனது ஞாபகம் வந்தது. நாளைக்குச் சரோஜினி கேட்பாள், மகள் கேட்பாள், லேபர் ஆபீஸில் கேட்டாலும் கேட்பார்கள். எல்லோரிடமும் ஃபேக்டரிக்காரர்கள் இந்தத் தாளைத்தான் காட்டுவார்கள்.

"சார், ஒரு சின்ன விஷயம். நீங்க எழுதச் சொல்லித்தானே நான் குடுக்கறேன். அதையும் ஒரு வரி சேத்துக்கலாமுங்களா?"

"அப்படியெல்லாம் எழுத முடியாது சார்."

"ஏனுங்க? நடந்தது அதுதானுங்களே?"

பூபாலன் சாமர்த்தியமாகப் பேச வேண்டும் என்று பேசவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"சார், இது வெறும் ஃபார்மாலிட்டி. போட்டுட்டு நிம்மதியா போங்க."

"அப்போ நீங்க ஒரு கடுதாசி குடுத்துடுங்க. ஆள் ஜாஸ்தி, உன்னை நிறுத்தறோம்னு. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

"நான்தான் சொன்னேனே. நாங்க அனுப்பினா பேருக்கு நல்லா இருக்காது."

"யாரு பேருக்குங்க?"

ஹெச்.ஆர். ஆள் பேனாவைத் திருப்பி வாங்கி மூடியைப் போட்டான். முகத்தில் இருந்த நல்ல மாதிரி போய்விட்டது.

"திங்கக்கிழமை உங்களை கேட்ல விடறாங்களான்னு பாருங்க சார்."

"சரிங்க, வந்து பாக்கறேன்" என்று பூபாலன் எழுந்தான். வெளியே ஷாஜகான் கேட்டதற்கு, "போடலைப்பா. ஏன்னு கேக்காதே, சொல்லத் தெரியலை" என்றான்.

அன்று மத்தியானத்துக்குள் இருபது பேர் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அவரவர் கஷ்டம். பூபாலனையும் ஷாஜகானையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் போடவில்லை. எங்களை ராஜினாமா எழுதச் சொல்கிறார்கள், எங்களுக்கு அதில் இஷ்டம் இல்லை என்று பன்னிரண்டு பேரும் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார்கள். எழுத்து அழகாக இருக்கும் என்று அதைச் சரோஜினிதான் எழுதினாள். தபால் ஆபீஸ் சாத்துவதற்குள் ஓடிப்போய் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள், ஃபேக்டரிக்கும் ஒரு நகல்.

ஞாயிற்றுக்கிழமை பூபாலன் ஆசிரமத்துக்குப் போனான். போகலாமா கூடாதா என்று வழியெல்லாம் குழம்பிக்கொண்டே போனான். பத்துப் பேர் வரை உட்கார்ந்திருந்தார்கள். மாதம்மாள் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூபாலன் எல்லோருக்கும் கேட்கும்படி நின்றுகொண்டே சொன்னான்.

"சாமி, அன்னைக்கு நான் எழுதிக் குடுத்தது பொய். நீங்க போகச் சொன்னீங்க. எனக்குப் போக இஷ்டமில்லை. இப்பவும் இல்லை."

மாதம்மாள் சாமியைப் பார்த்தாள்.

"ஆமாங்கக்கா" என்றார் சாமி. "நான்தான் போகச் சொன்னேன். அண்ணா மேல தப்பில்லை."

எழுந்து உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்து மாதம்மாளிடம் கொடுத்தார். "இதை அடுப்புல போட்டுடுங்க" என்றார். அவள் அதைச் சாமியின் கையிலிருந்து பிடுங்கிய விதத்தில், அன்றைக்குச் சாமிக்குச் சாப்பாடு உண்டா என்று பூபாலனுக்குச் சந்தேகம் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் அவன் போகவில்லை.

"நாளைக்கு கேட்ல நிறுத்திட்டா என்னங்க சாமி பண்றது?"

"நிறுத்தலாம்."

"லேபர் ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிப்பாங்களாமுங்க. அதுக்கப்புறமும் வேலை போனாலும் போயிடுமுங்களே?"

"போகலாம்."

பூபாலனுக்குக் குழப்பம் தீரவில்லை, இடம்தான் மாறியிருந்தது.

"கையெழுத்துப் போடாம நிக்கறேன். மனு குடுத்திருக்கேன். இப்போதான் முன்னைவிட கெட்டியா புடிச்சுட்டு இருக்கேன் சாமி. ஆறு வருஷமா விடு, விடுன்னுதானுங்களே சொன்னீங்க?"

"விடத்தாங்கண்ணா சொன்னேன்" என்றார் சாமி. "அவங்க செஞ்சதை உங்க பேர்ல எழுதிக் குடுக்கச் சொல்லலையே."