நாற்பது மடிப்பு மாம்பழ டார்ட்

ராஜாமணி அக்கா எங்கள் ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் நின்றவர். நேற்றோடு வேலையிலிருந்து நின்றார். கடைசி நாளைக்கு என்ன இனிப்பு வேண்டும் என்று கேட்டதற்கு, போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பப்ஸ் மாதிரி ஏடு ஏடாகப் பொரிந்த மாவு, அதன்மேல் பூப்போல அடுக்கிய மாம்பழம். டார்ட் என்று பெயராம். ஆயுசுக்கு ஒரு தடவை தின்று பார்க்க வேண்டும் என்றார்.

பட்டுப்புடவைப் பிரிவு தவசி அண்ணன் விடுவாரா? "ப்பூ, மடிக்கிற வேலைதானக்கா. நானே வீட்டுல செஞ்சு கொண்டாரேன்" என்றார். அவரை நம்பி நாங்கள் வேறு எந்த இனிப்பும் சொல்லவில்லை. புத்தி கெட்டவர்கள் நாங்கள்.

நேற்று மதியம் சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு பேர் தட்டோடு காத்திருந்தோம். அண்ணன் வெறுங்கையோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நடந்ததச் சொன்னா நம்ப மாட்டீக."

"அப்பச் சொல்லாதீக" என்றான் பில் போடும் முனீஸ். அண்ணன் காதில் அது விழவில்லை.

மாவுக்குள் வெண்ணெயை வைத்து மடித்துத் தேய்த்து, ஃப்ரிட்ஜில் வைத்தெடுத்து மறுபடி மடிக்க வேண்டுமாம். பேக்கரிக்காரர்கள் ஆறு மடிப்போடு நிறுத்திவிடுவார்களாம். "ஆறு மடிச்சா அது துண்டு. இது காஞ்சிப்பட்டு மடிச்ச கை. நாப்பது மடிச்சேன்." ஒரு ஏட்டை உரித்துக் காலண்டர் மேல் ஒட்டினால், அதற்குப் பின்னால் ராகுகாலம் பளிச்சென்று தெரிந்ததாம்.

மாம்பழம் நத்தத்திலிருந்து வந்தது, ஒன்றே ஒன்று. அவ்வளவு மெல்லிசாகச் சீவியதில், சீவச் சீவ வந்துகொண்டே இருந்ததாம். டார்ட்டை மூடி, தெருவில் பதினாலு வீட்டுக்குக் கொடுத்த பிறகும் ஒரு கதுப்பு மிச்சமாம். வாங்கினவர்களுக்கு ருசி தெரிந்ததா என்று முனீஸ் கேட்டான். வாசனைதான் தெரிந்திருக்கும், பொய் சொல்லக் கூடாது என்றார் அண்ணன்.

ஓவனில் வைத்த பத்தாவது நிமிஷம் மாவு எழும்பி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம். அவர் சம்சாரம் அதை அமுக்க கிரைண்டரைத் தூக்கி மேலே வைத்திருக்கிறார். அதையும் சுமந்துகொண்டு மேல்தளத்தைப் போய் முட்டியதாம்.

"மாடி வீட்டுக்காரம்மா எறங்கி வந்து, எங்க கட்டிலு ஒரு சாண் ஒசந்துருச்சே, கீழ என்ன பண்றீகன்னு கேக்குது."

பசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. டார்ட் எங்கே என்று நேராகவே கேட்டேன். அண்ணன் குரலை இறக்கினார்.

ஸ்கூட்டரில் வைத்து, கடை நூலால்தான் கட்டினாராம். வைகைப் பாலத்தில் காற்றடித்ததும் டார்ட் மேலே கிளம்ப, முன் சக்கரம் தூக்கியது, பிறகு பின் சக்கரமும் தூக்கியது. பாதிப் பாலத்தைப் பெட்ரோலே செலவாகாமல் கடந்தாராம். "அதுக்கு மேல முடியல. அக்காவ நெனச்சேன், மனசக் கல்லாக்கிக்கிட்டு நூல அறுத்துட்டேன். இந்நேரம் யானைமலையத் தாண்டிருக்கும்." சாட்சிக்கு, பையிலிருந்து அறுந்த நூலை எடுத்து நீட்டினார். பார்சல் பிரிவு நூல்தான், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. ஆசைப்பட்டுக் கேட்ட மனுஷிக்குக் கதையா கொடுப்பது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா நூலைப் பார்க்கவில்லை, அதை நீட்டிய கையைப் பார்த்தார். இரண்டு விரலில் கொப்புளம், நகக்கண்ணில் கருகின மாவு.

"கருகிருச்சா?" என்றார்.

"அடி மட்டுந்தாங்க்கா."

"மேல?"

"மேல வேகல."

அக்கா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய தூக்குவாளியை எடுத்துத் திறந்தார். கேசரி, பன்னிரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். முதல் கரண்டியை அண்ணன் தட்டில் வைத்தார்.

"இத எப்பக்கா செஞ்சீக?" என்றார் அண்ணன்.

"காலைலதான். ஆனா நீ செஞ்சு கொண்டாரேன்னு சொன்ன அன்னைக்கே ரவை வாங்கிட்டேன்."