விலங்கு ஒரு கதவில், மாதிரி ஒரு கதவில்

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மருந்து இருந்தது. நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும் இரத்தக்கட்டியைக் கரைப்பது அதன் வேலை. தற்பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மனிதருக்கு வரும் நோயை விலங்குக்கு வரவழைத்துப் பார்ப்பதை அங்கே 'விலங்கு மாதிரி' என்பார்கள். இரண்டு பன்றிகளுக்கு அடுத்தடுத்து இரண்டு கொட்டில்கள். எழுத வந்த பெயிண்டர் இடத்தை அளக்காமல் முதல் கதவில் 'விலங்கு' என்றும் இரண்டாவதில் 'மாதிரி' என்றும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் மெஹருன்னிசா முந்தின நாள் உறையவைத்த சிறு கட்டிகளை இரண்டு பன்றிகளுக்கும் ஏற்றினார். இரண்டுக்கும் மருந்து போடும்படி உதவியாளர் சுடலைமணியிடம் சொல்லியிருந்தார். மறுநாள் படம் எடுத்தால் இரண்டிலும் கட்டி இல்லை. நாற்பது நோயாளிகளுக்கு இதைக் கொடுக்கலாம் என்று எழுத உட்கார்ந்தார். மருந்துக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னை ஏன் உன் கணக்கில் சேர்க்கிறாய்?" என்றது இரண்டாவது பன்றி. "நீ என் பக்கம் வரவே இல்லை. நேற்றுப் பிறந்த கட்டி, என் இரத்தமே கரைத்துவிட்டது."

மருந்து சீசாவுக்குள் பதுங்கப் பார்த்தது. ஒளிந்துகொள்ளவும் வழியில்லை. சீசாவில் ஓர் ஊசி அளவு அப்படியே மிச்சம் இருந்ததை டாக்டர் பார்த்துவிட்டார். சுடலைமணியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்தக் கதவுல மாதிரின்னு போட்டிருந்துச்சும்மா. சும்மா பார்வைக்கு வச்சதுன்னு விட்டுட்டேன்."

டாக்டருக்குக் கோபம் வரவில்லை, போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளைண்ணே, நாப்பது பேரை நம்ப வச்சிருப்பேன்" என்று எழுதியதைக் கிழித்துப் போட்டார்.

அப்படியானால் தான் எதற்கு என்று மருந்து அழாத குறையாகக் கேட்டது. அது தனக்கும் தெரியாது, மனிதர் காலில் வாரக்கணக்காகக் கிடந்து இறுகிய பிறகு நுரையீரலுக்குப் போகும் கட்டியைப் போல ஒன்று வந்தால்தான் தெரியும் என்றது பன்றி.

டாக்டருக்கும் அதே யோசனைதான். இரண்டு வாரம் இறுகவிட்ட கட்டிகளை ஏற்றினார். இந்த முறை வேண்டுமென்றே ஒரு பன்றிக்கு மட்டும் மருந்து. மருந்து போகாத முதல் பன்றிக்குள் கட்டி அசையவே இல்லை. இரண்டாவதில் பாதி கரைந்திருந்தது.

"பாதிதானா?" என்று அந்த இரண்டாவது பன்றி சீண்டியது.

"பாதிதான்" என்றது மருந்து, சந்தோஷமாக. "ஆனால் இது நான் கரைத்தது."