ஆயிரத்து இருபத்து நாலாவது அடி

பிளஸ் டூ கணக்கில் மூன்று தடவை கோட்டை விட்ட நாலு பேர் எங்கள் டுடோரியலில் இருந்தோம்: தவசி, எட்வின், பரக்கத்துல்லா, நான். நாலு பேரில் நான்தான் புத்திசாலி என்பார் என் அம்மா. மற்ற மூவரை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தடவையும் போனால் செங்கல் சூளைதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள், ஞானதுரை சார் பலகையில் ஒரு கலப்பெண் எழுதினார். ஒன்று கூட்டல் ஐ. அதற்கு இருபதாம் அடுக்கு.

"இருபது தடவை பெருக்கிச் சாகாதீங்கடா. ஒண்ணு கிழக்கே, ஐ வடக்கே. நீளம் ரூட் ரெண்டு, கோணம் நாப்பத்தஞ்சு டிகிரி. நீளத்தை இருபதாம் அடுக்குக்கு உயர்த்து, கோணத்தை இருபதால பெருக்கு, முழுச் சுத்தையெல்லாம் கழி. எங்க போய் நிக்கிறியோ அதான் விடை. டீ குடிச்சிட்டு வர்றேன்."

போய் நிற்க வகுப்பில் இடம் போதாது. மைதானத்துக்குப் போனோம்.

தரையில் சாக்பீஸால் கோணம் வரைந்தோம். எட்வின் துடைப்பத்தோடு வந்து இருபது தடவை பெருக்கினான். கோணம் காணாமல் போயிற்று.

"அறிவிருக்காடா? இது கணக்குப் பெருக்கு!" என்றான் பரக்கத்துல்லா.

நீளம் ஆயிரத்து இருபத்து நாலு என்று தவசி சரியாகவே சொன்னான். எப்படி என்று அவனுக்கே தெரியாது. கோணம் தொள்ளாயிரம். நாங்கள் நால்வரும் கிழக்கே பார்த்து நின்று, இடப்பக்கமாக இரண்டரைச் சுற்று சுற்றினோம். பிறகு முழுச் சுற்றைக் கழிக்க, வலப்பக்கமாக இரண்டு.

"அரைச் சுத்து மட்டும் சுத்தியிருக்கலாமோ?" என்றேன்.

"சுத்தாததை எப்படிடா கழிப்பே?" என்றான் தவசி.

மேற்கே நடந்தோம். ஆயிரமாவது அடியில் கண்மாய் வந்தது.

"விடை தண்ணிக்குள்ள இருக்கு," என்றான் எட்வின்.

"கரையிலேயே நின்னுக்கலாமா?" என்றேன்.

"இருபத்து நாலு குறையுதே. மார்க் போயிடும்," என்றான் தவசி.

நால்வரில் நீளமானவன் என்று என்னை இறக்கினார்கள். கடைசி அடி வைத்தபோது கழுத்துவரை தண்ணீர். இடுப்புவரை சேறு.

தேடிக்கொண்டு வந்த சார் கரையிலிருந்தே கத்தினார். "டேய், விடை என்னடா?"

"ஆயிரத்து இருபத்து நாலு சார்! மேற்கே!"

"மேற்கேன்னா மைனஸ்! சரிடா! சரியான விடைடா!" சாரின் கண் கலங்கிவிட்டது. "மேல ஏறி வா ராசா."

"எப்படி சார்? வந்த இடத்துக்குத் திரும்பணும்னா இருபதாம் மூலம் எடுக்கணும். அதுக்கு இருபது விடை, இருபது திசைன்னு நீங்கதானே நடத்துனீங்க? நான் எந்தத் திசையில ஏறுறது?"

சார் கரையில் நின்ற மூவரையும் என்னையும் எண்ணிப் பார்த்தார்.

"திசைக்கு ஒரு ஆள் விட்டுப் பாத்துடலாம். நீங்க நாலு பேர் இருக்கீங்க," என்று சொல்லிவிட்டு, மீதிப் பதினாறு பேரைக் கூட்டிவர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.