மதகின் மேல் நின்ற ஆள்காட்டி

நாணல்தாங்கல் ஏரியின் மதகுச் சுவர்மேல் செம்மூக்கி என்ற ஆள்காட்டிப் பறவை வாழ்ந்தாள். யார் வந்தாலும் ஊருக்கே கேட்கும்படி கத்துவது அவள் பிறவிக் குணம். நரி வந்தால் கத்துவாள். நரி போனாலும் கத்துவாள். போன நரி நினைவுக்கு வந்தாலும் கத்துவாள்.

மழை நன்றாகப் பெய்த ஆண்டு அது. ஏரி நடுவே நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்ட ஆயிரக்கணக்கான பறவைகள் வந்துவிட்டன. மரங்களுக்கு மேலே வானம் சந்தைத் தெரு போல ஆயிற்று.

அந்த ஏரியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இரண்டு பறவைகள் வானில் நேருக்கு நேர் வந்துவிட்டால், குஞ்சுகளுக்கு மீன் சுமந்து வருவது "பாரம்!" என்று கூவிக் கீழே இறங்க வேண்டும். இரை தேடப் போவது "வெறும்!" என்று கூவி மேலே ஏற வேண்டும். பெரிய நாரைகளுக்குக் குரலே கிடையாது என்று பறவை நூல்கள் சொல்கின்றன. நூல் எழுதியவர்கள் எந்த நாரைக்கும் எதிரே பறந்ததில்லை போலிருக்கிறது.

கூட்டம் பெருகியதும் அந்த வழக்கம் மட்டும் போதவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கப் பார்த்து இடித்துக்கொண்டன. கொண்டு வந்த மீன் பாதி தண்ணீரிலேயே விழுந்தது.

செம்மூக்கிக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் நில்லுங்கள்! இங்கிருந்து எனக்கு எல்லாம் தெரிகிறது. நான் சொல்கிற வரிசையில் இறங்குங்கள்!" என்று கத்தினாள்.

கத்தல் முதன்முதலாகப் பயன்பட்டது. "கூழைக்கடா, நீ ஒரு வட்டம் அடி! நாரை, நீ இறங்கு!" என்பாள். அவையும் அப்படியே செய்தன. இருபது நாள் யாரும் யாரையும் இடிக்கவில்லை. "செம்மூக்கி இல்லாவிட்டால் நாம் என்ன ஆவது!" என்று பறவைகள் பேசிக்கொண்டன. அவள் கழுத்து ஒரு விரற்கடை நீண்டது.

கரியன் என்ற நீர்க்காகம் மட்டும், பட்டமரத்தில் இறக்கையை விரித்து உலர்த்தியபடி கேட்டான்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"உனக்கு இறக்கை காயும்வரை சந்தேகம்தான்! கேள்."

"வழக்கம் கீழே போ என்கிறது, நீ மேலே போ என்கிறாய் என்று வை. எதைக் கேட்பது?"

"நான் ஏன் அப்படிச் சொல்லப் போகிறேன்?"

"சொல்ல மாட்டாய். சொன்னால்?"

"இறக்கையோடு சேர்த்து வாயையும் காயப்போடு!" என்றாள் செம்மூக்கி.

ஏரியே சிரித்தது. செம்மூக்கியும் சிரித்தாள். பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, கிளுவை வாத்துக் கூட்டம் ஒன்று வரிசையை மதிக்காமல் கிழக்கே தாழ்வாக நுழைந்தது. "யாரைக் கேட்டு வருகிறீர்கள்? ஒதுங்குங்கள்!" என்று செம்மூக்கி அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது நெடுங்காலி என்ற நாரை கூட்டை விட்டுக் கிளம்பினாள். "அக்கா, மூன்று குஞ்சும் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. கிழக்கே போகிறேன்!" என்று சொல்லிவிட்டுப் போனாள். தன் கத்தலில் அது செம்மூக்கிக்குப் பாதிதான் கேட்டது.

எதிரே, வாய் நிறைய மீனோடு கூடைவாயன் என்ற கூழைக்கடா வந்துகொண்டிருந்தான்.

"பாரம்!" என்றான் கூடைவாயன்.

"வெறும்!" என்றாள் நெடுங்காலி.

அவன் இறங்கத் தொடங்கினான். அவள் ஏறத் தொடங்கினாள். அவ்வளவுதான், விலகிப் போயிருப்பார்கள்.

செம்மூக்கி நிமிர்ந்து பார்த்தாள். கூடைவாயன் இறங்குவது தெரிந்தது. அவனுக்குக் கீழே கிளுவைகள்! நெடுங்காலியும் கண்ணில் பட்டாள், அவள் 'வெறும்' என்று கூவியதும் காதில் விழுந்தது. ஆனால் தன் சொல் இல்லாமல் அவள் மேலே ஏற மாட்டாள் என்று செம்மூக்கி நினைத்தாள்.

"கூடைவாயா, மேலே! மேலே போ!"

கூடைவாயன் சொன்ன பேச்சுக் கேட்பவன். உடனே மேலே திரும்பினான். நெடுங்காலி வழக்கத்தை நம்பி ஏறிக்கொண்டே இருந்தாள்.

சிறகு முறிந்த சத்தம் மதகுவரை கேட்டது. நெடுங்காலி தண்ணீரில் விழுந்தாள், எழவில்லை. கூடைவாயன் நாணலுக்குள் விழுந்தான். அவன் வாயிலிருந்த மீன்களில் உயிர் இருந்தவை நீந்திப் போய்விட்டன.

செம்மூக்கி ஓடினாள். "ஐயோ, கூடைவாயா! அவள் 'வெறும்' என்று கூவியது உனக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டது அக்கா."

"பின் ஏன் மேலே போனாய்?"

"நீ சொன்னாயே" என்றான் அவன். கோபமே இல்லை அந்தக் குரலில். "இருபது நாளாக நீ சொன்னதைத்தானே கேட்டோம்? கேட்டது தப்பா?"

செம்மூக்கி திரும்பி நெடுங்காலியின் கூட்டைப் பார்த்தாள்.

நெடுங்காலியின் இணை தனியாக மீனுக்குப் போய் வந்தான். அவன் போனதும் கூட்டைச் சுற்றிக் காகங்கள் வந்தன. கூட்டில் உட்கார்ந்து காவல் இருக்கலாம் என்று செம்மூக்கி பறந்து போனாள். ஆனால் கிளையைப் பற்றிக்கொள்ளும் விரல் ஆள்காட்டியின் காலுக்கு இல்லை. வழுக்கி விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். கடைசியில் கரையில் நின்று கத்தத்தான் முடிந்தது. அது வெறும் கத்தல் என்று காகங்கள் இரண்டே நாளில் கண்டுகொண்டன. மூன்று குஞ்சுகளில் ஒன்றுதான் பறந்தது.

அதன் பிறகு ஏரியில் ஒரு விதி சேர்ந்தது. வரிசை சொல்வது மதகில் நிற்பவளின் வேலை. ஆனால் "பாரம்", "வெறும்" என்ற குரல் எழுந்துவிட்டால் மதகு வாய் திறக்கக் கூடாது. பறவைகளும் வேறு சொல் எதையும் கேட்கக் கூடாது. விதியைக் கொண்டு வந்தவள் செம்மூக்கிதான். சொல்லி முடித்துவிட்டுப் பட்டமரத்தைப் பார்த்தாள்.

"இதைத்தானே அன்றைக்குக் கேட்டாய், கரியா?"

கரியன் இறக்கையை மடக்கிக்கொண்டான். "ஆமாம் அக்கா. நீங்கள் எல்லாரும் சிரித்ததும் நானும் சிரித்துவிட்டேன்."

ஆபத்தில் யார் சொல்லைக் கேட்பது என்று ஆபத்து வருமுன்பே தீர்மானிக்காவிட்டால், சொன்னபடி நடப்பதும் உயிரைக் குடிக்கும்.